பழைய ஜெர்மன் கையெழுத்து வாசிக்க வரவில்லை. ஆவணக்காப்பகத்தில் இருக்கிறேன், வழி சொல்லுங்கள்

தரங்கைத்தேடல் கேட்டது:

வணக்கம். ஜெர்மனியில், ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனங்களின் ஆவணக்காப்பகத்துக்கு மூன்று மாத உதவித்தொகையில் வந்திருக்கிறேன். ஐந்து வாரம் போய்விட்டது. இதுவரை முழுதாக வாசித்து முடித்தது 11 பக்கம். பார்த்தாக வேண்டிய கட்டுகளில் சுமார் 400 பக்கம் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை.

எதைத் தேடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1706 ஜூலையில் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்த மிஷனரிகளும் கப்பல் கிடைத்தபோதெல்லாம் கடிதம், நாட்குறிப்பு, கணக்கு என்று ஹாலேவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தாள்கள் இங்கே பத்திரமாக இருக்கின்றன. சீகன்பால்கைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. 1733-இல் குருப்பட்டம் பெற்ற தமிழர் ஆரோனைப் பற்றியும் எழுதியாயிற்று. எனக்கு வேண்டியது பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த தமிழ் வாத்தியார்கள். கணக்கில் ஒரு வரியாக, நாட்குறிப்பில் பாதி வாக்கியமாக அவர்கள் வந்து போகிறார்கள். எந்த இடத்தில் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் மேலோட்டமாகப் பார்த்துத் தாண்டிப் போகவும் வழியில்லை.

ஜெர்மன் மொழி தடையில்லை. பி2 வரை படித்திருக்கிறேன். அச்சில் இருந்தால் 18-ஆம் நூற்றாண்டு ஃபிராக்டூர் எழுத்தையும் வாசித்துவிடுவேன். கையெழுத்துதான் கையைக் கட்டிப்போடுகிறது. ‘என்னுடைய’ என்ற பொருளில் ‘மைனென்’ (meinen) என்று ஒரு சொல் அடிக்கடி வரும். அதை இந்தக் கையெழுத்தில் பார்த்தால் வலப்பக்கம் சாய்ந்த 12 சிறு கோடுகள், மேலே ஒரே ஒரு புள்ளி. அவ்வளவுதான். எம் (m) எழுத்துக்கு மூன்று கோடு, என் (n) எழுத்துக்கு இரண்டு கோடு, ஈ (e) எழுத்துக்கும் அதே மாதிரி இரண்டு கோடு. எங்கே ஒரு எழுத்து முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பென்சில் முனையை மேலே பிடித்துக்கொண்டு (தாளில் படாமல்தான்) எண்ணிக்கொண்டே போகிறேன். எண்ணி முடிக்கும்போது வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடுகிறது.

நீண்ட எஸ், எஃப், எச் மூன்றும் மேலும் கீழும் நீண்டு ஒன்றுபோல இருக்கின்றன. தாளின் பின்பக்கத்து மை இந்தப் பக்கம் ஊறி வந்திருக்கிறது. வரியின் கடைசியில் இடம் போதாமல் எழுத்துகள் நெருங்கி, சொல்லின் முடிவு வெறும் ஒரு இழுப்பாகப் போய்விடுகிறது.

இது சூட்டர்லின் எழுத்து என்று ஒருவர் சொன்னார். அந்த எழுத்துப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை. தரங்கம்பாடியை அவர்கள் எழுதுகிற ‘டிரான்கேபார்’ என்ற ஊர்ப்பெயர் எல்லாக் கடிதத்திலும் இருக்கிறதே, அதை வைத்து மற்ற எழுத்துகளைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். அதிலும் ஓர் எழுத்துகூட மற்ற சொற்களோடு சேரவில்லை. தங்கியிருக்கும் வீட்டில் ஜெர்மன்காரர்களிடம் காட்டினேன். தங்களுக்கே வாசிக்க வராது என்று கைவிரித்துவிட்டார்கள்.

பக்கத்து மேசையில் ஒருவர் சரசரவென்று தாள் புரட்டுகிறார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. இந்தப் பணத்துக்கும் இடத்துக்கும் எனக்குப் பதில் வேறு யாராவது வந்திருக்கலாமோ என்றுகூட நினைத்துவிட்டேன்.

மீதி எட்டு வாரம். இதற்குள் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையதாள் எழுதியது:

பதறாதீங்கம்மா. ஐந்து வாரத்தில் 11 பக்கம் என்பது தொடக்கக்காரருக்குக் குறைவே இல்லை. நான் முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு கடிதத்தோடு உட்கார்ந்திருந்தேன், அதுவும் நாலு பக்கக் கடிதம். இது ஒரே வேகத்தில் போகிற வேலை கிடையாது. நாள்கணக்கில் அசையாது; திடீரென்று ஒரு காலை வரி வரியாக விழும். உங்களுக்கு அந்தக் காலை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு திருத்தம். உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார். சூட்டர்லின் என்பது 20-ஆம் நூற்றாண்டு எழுத்து. லுட்விக் சூட்டர்லின் என்ற வரைகலைஞரிடம் 1911-இல் பிரஷ்ய அரசு கேட்டு வாங்கியது. 1915 முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1941-இல் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால்தான் இன்றைய ஜெர்மன்காரர்களுக்கு வாசிக்க வரவில்லை. பழைய எழுத்து எதைப் பார்த்தாலும் சூட்டர்லின் என்று சொல்லிவிடுகிற பழக்கம் அங்கே உண்டு. உங்கள் கையில் இருப்பது அதற்கு 200 வருடம் மூத்தது, பெயர் குர்ரென்ட். 18-ஆம் நூற்றாண்டுக் குர்ரென்ட் என்று தேடி அதற்கான எழுத்துப் பட்டியலை எடுங்க. சூட்டர்லின் பட்டியலை இன்றைக்கே மூடி வைத்துவிடுங்க, அது உங்களைக் குழப்பத்தான் செய்யும்.

அடுத்தது ஊர்ப்பெயர். அது ஏன் சேரவில்லை தெரியுமா? ஜெர்மன் சொல்லைக் குர்ரென்ட்டிலும், அயல்மொழிச் சொல்லை லத்தீன் எழுத்திலும் எழுதுவது அக்கால வழக்கம். லத்தீன் சொல், பிரெஞ்சுச் சொல், வெளிநாட்டு ஊர்ப்பெயர் வந்ததும் எழுதுகிறவர் கையை மாற்றிக்கொள்வார். ஆக ‘டிரான்கேபார்’ எழுதியிருப்பது வேறு எழுத்துமுறையில். அதை வைத்துக் குர்ரென்ட்டைத் திறக்க முடியாது. ஆனால் இதை ஒரு உதவியாக எடுத்துக்கொள்ளுங்க: ஒரு வரியில் எழுத்தின் சாயல் மாறினால் அது ஜெர்மன் சொல் இல்லை என்று அந்த எழுத்தரே உங்களிடம் சொல்கிறார்.

இனி வாசிப்பதை இரண்டு நாள் நிறுத்துங்க. எழுதுங்க. கூர்முனைப் பேனாவோ பென்சிலோ, எது இருந்தாலும் சரி. பட்டியலைப் பார்த்து அரிச்சுவடி எழுதுவது மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பக்கம் எழுதுங்க. பிறகு உங்கள் பெயர், அம்மா பெயர், ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் குர்ரென்ட்டில் எழுதுங்க. ஈ எழுத்தின் இரண்டாவது கோடு முதல் கோட்டை ஒட்டியே வருவதும், என் எழுத்தில் அது கொஞ்சம் விலகி நிற்பதும் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். யூ எழுத்தின் தலைக்கு மேல் ஒரு சிறு வளைவு போடுவார்கள். எழுதும்போது அதை மறக்காமல் போடுங்க. என் எழுத்தையும் யூ எழுத்தையும் பிரித்துக்காட்டுவது அந்த வளைவு ஒன்றுதான். எம், என் மேலே வளைவில்லாமல் நேர்கோடு இருந்தால் அந்த எழுத்தை இரட்டிக்க வேண்டும் என்று பொருள்.

அடுத்து, ஒரே ஒருவருடைய கையைப் பிடித்துக்கொள்ளுங்க. இன்று ஒருவர் கடிதம், நாளை இன்னொருவர் கணக்கு என்று தாவாதீங்க. 1730-களில் எழுதியவர்களில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு அவருடைய எழுத்துப் பட்டியலை நீங்களே தயார் செய்யுங்க. சந்தேகமே இல்லாத சொற்களிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி எடுங்க. கடிதத்தின் தலைப்பில் வணக்கவுரை, அடியில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்கிற வாசகம், இரண்டும் கடிதத்துக்குக் கடிதம் பெரிதாக மாறாது. இந்த நிறுவனங்களைத் தொடங்கிய மூத்த ஃபிராங்கே 1727-இல் காலமான பிறகு கடிதங்கள் பெரும்பாலும் அவர் மகன் கொட்ஹில்ஃப் ஔகுஸ்ட் ஃபிராங்கேவுக்குத்தான் வந்தன. முகவரியில் அந்தப் பெயர் இருக்கும்.

அதைவிட நல்ல சாவி ஒன்று உண்டு. இவர்கள் வேதவசனம் சொல்லாமல் ஒரு பக்கம் எழுத மாட்டார்கள். அதிகாரமும் வசன எண்ணும் பக்கத்தில் இருக்கும். லூதர் மொழிபெயர்ப்பைத் திறந்து அந்த வசனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பே தெரிந்த இரண்டு வரி உங்கள் கையில் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. நான் குர்ரென்ட் கற்றுக்கொண்டது வேதாகமத்துச் சங்கீதப் புத்தகத்தால்தான் என்று சொன்னால் மிகையில்லை. இன்னொன்று: ‘ஹெர்’ என்ற சொல்லில் முதல் இரண்டு எழுத்தும் பெரிதாக இருந்தால் அது கர்த்தர், முதல் எழுத்து மட்டும் பெரிது என்றால் ஐயா, துரை என்பது போல ஒரு மனிதர்.

நாட்குறிப்பில் தேதி எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தீங்களா? அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

ஏட்டுவாசகர் எழுதியது:

குர்ரென்ட் எனக்கு ஓரளவுதான் தெரியும். என் வேலை ஓலைச்சுவடியில். ஆனால் நீங்கள் அந்த 12 கோடுகளைப் பற்றி எழுதியதை வாசித்தபோது, சுவடி வாசிக்க உட்கார்ந்த முதல் வருடம் அப்படியே கண்ணுக்குள் வந்தது.

பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்பு, ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ‘கர’ என்று இருப்பது ‘கா’வாகவும் இருக்கலாம், ‘கர்’ ஆகவும் இருக்கலாம். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. அதையும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி அல்ல. சொல்லைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணால் சரிபார்த்தார்கள். குர்ரென்ட்டிலும் இதே வழிதான் என்று நினைக்கிறேன். கோடுகளை எண்ணுவதை நான் குறை சொல்லவில்லை. முதலில் வாக்கியம் எங்கே போகிறது என்று பாருங்கள், எந்தச் சொல் வரக்கூடும் என்று இரண்டு மூன்று ஊகம் செய்யுங்கள், அப்புறம் எண்ணுங்கள். எண்ணிக்கை ஊகத்தைச் சோதிப்பதற்கு உதவும், ஊகத்தைக் கொடுக்காது.

எங்கள் ஆசிரியர் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும், எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளி. ஊகித்ததை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். உறுதியானதை மட்டும் வெளியே எழுத வேண்டும். ஒரு சொல்லில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. புள்ளி வைத்துவிட்டு நகர வேண்டும். பத்து வரி தள்ளி அதே சொல் தெளிவாக வந்து நிற்கும். திரும்பி வந்து நிரப்பலாம். இந்த மூன்று வகை எழுத்தையும் கலக்காமல் வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்து உங்கள் குறிப்பை நீங்களே நம்பலாம்.

இன்னொரு வார்த்தை. பக்கத்து மேசைக்காரர் எந்த நூற்றாண்டு, எந்தக் கை வாசிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. எழுந்துபோய் அவரிடம் ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள். ஆவணக்காப்பக வாசிப்பறையில் இருக்கிறவர்களுக்கு இன்னொருவர் தாளைப் பார்ப்பதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது.

தரங்கைத்தேடல் எழுதியது:

இரண்டு நாள் எழுதினேன். அம்மா பெயரைக் குர்ரென்ட்டில் 40 தடவை எழுதியிருப்பேன். மூன்றாம் நாள் அதே கட்டை எடுத்தபோது ஈ, என் இரண்டும் விலகித் தெரிந்தன. எப்போதும் இல்லை, பத்துக்கு ஆறு தடவை. அதுவே எனக்குப் பெரிது. பழையதாள் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரரிடமும் பேசினேன். அவர் தாளைச் சரசரவென்று புரட்டியது, ஒரே ஒரு கையொப்பத்தைத் தேடிக்கொண்டிருந்ததால்!

தேதி என்று ஐயா சொன்னீர்களே, என் குறிப்பேட்டைப் புரட்டினேன். ‘8பிஆர்’ என்று எழுதியிருந்ததை எல்லாம் எட்டாம் மாதம் ஆகஸ்ட் என்று குறித்து வைத்திருக்கிறேன். சில நாட்களுக்கு முன்னால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி, பிறை, ஈட்டி வைத்த வட்டம் என்று ஏதேதோ குறிகள். அதையெல்லாம் அலங்காரம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வேறு ஒரு விஷயத்தில் சிக்கியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவுக் கணக்கு மாதிரி ஒரு தாள். அதில் ஒரு வரி லத்தீன் எழுத்தில், நன்றாகவே தெரிகிறது. முதலில் 3 என்ற எண். அப்புறம் எம், ஈ, ஆர், சி, ஏ, எல். அப்புறம் என், ஈ, எல், ஒய். ‘மெர்கால் நெலி’. வரிசை எண் 3, ஆள் பெயர் நெலி, குடும்பப் பெயர் மெர்கால் என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்ட ஐரோப்பியப் பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு அடிக்குறிப்புகூட எழுதிவிட்டேன். ஆவணக்காப்பகத்தின் தரவுத்தளத்தில் அந்தப் பெயரில் யாரும் கிடைக்கவில்லை. வேறு எங்கே தேடலாம்?

நுண்தாள் எழுதியது:

அக்கா, நான் டிரான்ஸ்கிரிபஸ் பற்றிச் சொல்ல வந்தேன். ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக்கிலிருந்து ஒரு கூட்டுறவு நடத்துகிற மென்பொருள், பழைய கையெழுத்தைக் கணினி வாசித்துத் தட்டச்சாகக் கொடுக்கும். குர்ரென்ட்டுக்கு ஆயத்த மாதிரிகள் இருக்கு. தெளிவான பக்கத்தில் ஆச்சரியப்படுகிற அளவுக்கு வாசிக்கும். உங்க ஸ்கேன் கையில் இருந்தால், காப்பகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு பத்துப் பக்கம் போட்டுப் பாருங்க. எழுத்து கற்றுக்கொள்ளவே அது நல்ல துணை. கணினி வாசித்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாளை நீங்க வாசிங்க, பிழை திருத்துங்க. ஒரே கையெழுத்தில் போதுமான பக்கங்களைத் திருத்திக் கொடுத்தால் அந்தக் கைக்கென்றே ஒரு மாதிரியைப் பழக்கவும் முடியும்.

ஆனால் உங்க வேலைக்கு ஒரு எச்சரிக்கை. அது ஜெர்மன் தாள்களை வாசித்துப் பழகின இயந்திரம். தமிழ்ப் பெயர் வந்தால் தடுமாறும். நான் போட்ட பக்கங்களில் நம்ம ஊர்ப்பெயர் எல்லாம் ஏதோ ஒரு ஜெர்மன் சொல்லாக மாறி வந்தது. வாக்கியம் பார்க்கச் சரியாக இருக்கும், ஆள் காணாமல் போயிருப்பார். நீங்க தேடுறதே அந்த ஆளைத்தான். அதனால் பெயர் வர்ற இடத்தில் கணினியை நம்பாதீங்க, தாளைப் பாருங்க.

இன்னொரு வழி இருக்கு, இதுதான் எனக்கு ரொம்ப உதவினது. தரங்கம்பாடி நாட்குறிப்பில் பெரும்பகுதியை ஹாலேயிலேயே அச்சடித்து வெளியிட்டார்கள். 1710-இலிருந்து 1772 வரை 108 தொடர்ச்சிகள், ‘ஹாலே அறிக்கைகள்’ என்று சொல்றோமே, அதுதான். அதன் டிஜிட்டல் பிரதி இணையத்திலேயே இருக்கு. உங்க கையில் இருக்கும் நாட்குறிப்பின் தேதியை வைத்து அச்சுப் பிரதியில் அதே நாளைத் தேடுங்க. ஃபிராக்டூர் வாசிப்பேன் என்று சொன்னீங்க, அப்போ உங்களுக்கு விடைத்தாள் கிடைத்துவிட்டது. கையெழுத்தையும் அச்சையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

அதைவிட முக்கியமானது, இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள். ஹாலேயில் அதைத் திருத்தி, வெட்டித்தான் அச்சுக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் நன்கொடை கொடுக்கிறவர்கள் வாசிக்கிற புத்தகம் அது. சண்டை சச்சரவு, பணத் தகராறு எல்லாம் அச்சுக்கு வராமல் நின்றுவிடும். அச்சில் இல்லாத வரி கையெழுத்தில் வந்தால் அங்கே நிதானமாக உட்காருங்க. வாத்தியார்கள் அங்கேதான் இருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

காப்பகத் தரவுத்தளத்தில் பெயர் மட்டும் தேடாதீங்க. பல கடிதங்களுக்கு உள்ளடக்கச் சுருக்கம் போட்டிருக்காங்க. சுருக்கத்தை முதலில் வாசித்துவிட்டுக் கடிதத்தை எடுத்தால் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்தே வாசிக்கலாம். கப்பல் மூழ்கினாலும் கடிதம் போய்ச் சேரணும் என்று ஒரே கடிதத்தை இரண்டு கப்பலில் அனுப்புகிற வழக்கமும் இருந்தது. உங்க பிரதியில் மை ஊறிப்போயிருந்தால், இன்னொரு பிரதி நல்ல கையில் இருக்கிறதா என்று காப்பகத்தாரைக் கேளுங்க.

பழையதாள் எழுதியது:

நுண்தாள் தம்பி சொன்னது அத்தனையும் சரி. அச்சுப் பிரதி விஷயத்தை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தேதிக்கு வருகிறேன். 8பிஆர் என்றால் அக்டோபர், அம்மா. லத்தீனில் ஏழு செப்டெம், எட்டு ஒக்டோ, ஒன்பது நோவெம், பத்து டெசெம். மாதப் பெயரின் முன்பாதியை எண்ணாக எழுதிவிடுவார்கள். 7பிஆர் செப்டம்பர், 8பிஆர் அக்டோபர், 9பிஆர் நவம்பர், பத்துக்கு ரோமன் எண் போட்டு எழுதினால் டிசம்பர். உங்கள் குறிப்பேட்டில் ஆகஸ்ட் என்று இருப்பதையெல்லாம் இன்றே திருத்துங்க. வடகிழக்குப் பருவமழை ஆகஸ்டில் பெய்ததாக எழுதிவிடப் போகிறீங்க.

அந்தக் குறிகள் கிழமைகள். வட்டத்துக்குள் புள்ளி சூரியன், பிறை சந்திரன், ஈட்டி வைத்த வட்டம் செவ்வாய்க் கிரகம். புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாவற்றுக்கும் கிரகக் குறி உண்டு. இதை ஜெர்மன் மாணவர்கள் மனப்பாடம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மொழியில் புதன்கிழமைக்கு ‘வார நடு’ என்றுதான் பெயர், கிரகம் இல்லை. நமக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று கிழமையின் பெயரே கிரகத்தின் பெயர். குறியைப் பார்த்தால் அப்படியே தமிழில் வாசித்துவிடலாம்.

கிழமை தெரிந்தால் தேதியைச் சரிபார்க்கலாம் என்பதுதான் இதன் பயன். தரங்கம்பாடியை அப்போது ஆண்ட டென்மார்க்கும் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் நாடுகளும் 1700-இல் புதிய நாட்காட்டிக்கு மாறின. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. லண்டனிலிருந்தோ சென்னைக் கோட்டையிலிருந்தோ வந்த கடிதம் என்றால் தேதி 11 நாள் பின்தங்கியிருக்கும். தரங்கம்பாடிக் கடிதம் பதிலாகக் குறிப்பிடும் கடிதம் எது என்று தேடும்போது இது உதைக்கும்.

அந்த மெர்கால் நெலி எனக்குப் பிடிபடவில்லை. ஜெர்மன் பெயராகத் தோன்றவில்லை, டேனிஷ் பெயராகவும் தெரியவில்லை.

ஏட்டுவாசகர் எழுதியது:

தரங்கைத்தேடல், அந்த வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணால் வாசிக்காமல், உரக்க.

மெர்கால். மரக்கால்.

நெலி. நெல்.

மூன்று மரக்கால் நெல். முன்னால் இருக்கும் 3 வரிசை எண் அல்ல, அளவு. போர்த்துக்கீசியர் வாயில் நம்முடைய நெல் ‘நெலெ’ ஆயிற்று. கடற்கரையில் வியாபாரம் செய்த ஐரோப்பியர் எல்லோரும் அவர்களிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். உமி நீக்காத நெல்லைச் சொல்ல அவர்கள் மொழியில் தனிச் சொல் இல்லை, அரிசி என்ற ஒரு சொல்தான். மரக்காலும் அப்படித்தான் அவர்கள் கணக்கில் புகுந்தது. பழையதாள் ஐயா முதலிலேயே சொன்னார், எழுத்தின் சாயல் மாறினால் அது ஜெர்மன் சொல் இல்லை என்று. ஐரோப்பிய மொழிதான் என்று நாம் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

வலப்பக்கத்தில் தொகை எழுதிய கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பணம் என்ற நம் சொல் ‘ஃபானோ’ என்று நிற்கும், காசு ‘காஸ்’ என்று நிற்கும். ‘பகோடே’ என்று வந்தால் மட்டும் நிதானியுங்கள். கோயிலுக்கும் அதே சொல், வராகன் பொன்னுக்கும் அதே சொல். எண் முன்னால் நின்றால் பெரும்பாலும் பொன்.

தரங்கைத்தேடல் எழுதியது:

நேற்று இரவு உங்கள் பதிலை வாசித்துவிட்டு அறையில் தனியாக உட்கார்ந்து ‘மெர்கால் நெலி, மெர்கால் நெலி’ என்று பத்துத் தடவை சொன்னேன். அழுகை வந்துவிட்டது. தாத்தா வீட்டுக் களத்தில் மரக்கால் இருந்தது. பித்தளைப் பட்டை போட்ட மரக்கால். நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவார். அந்தச் சொல்லை ஹாலேயில் ஒரு தாளில் நான்கு நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்; அடையாளம் தெரியவில்லை.

இன்று காலை முதல் ஆளாகப் போனேன். லாக்கரில் பையை வைத்துவிட்டு, பென்சிலும் தாளும் மட்டும் எடுத்துக்கொண்டு அதே கட்டைக் கேட்டேன். வலப்பக்கம் கட்டம் இருக்கிறது. ஃபானோ இருக்கிறது, கீழே காஸும் இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிட்ட நெல்லின் விலைதான் அது. அடிக்குறிப்பை அழித்துவிட்டேன். 8பிஆர் எல்லாம் அக்டோபர் ஆகிவிட்டது. ஒரு நாட்குறிப்பில் பிறைக்குறி போட்ட நாள் உண்மையில் திங்கள்தானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது.

நுண்தாள் தம்பி சொன்னபடி அச்சுப் பிரதியை ஒரு திரையில் வைத்து ஒத்துப் பார்த்துக்கொண்டு போனேன். இன்று மட்டும் நான்கு பக்கம். மூன்றாவது பக்கத்தில் கையெழுத்து தொடர்கிறது, அச்சு நின்றுவிடுகிறது. அச்சில் அடுத்த நாளுக்குத் தாவிவிட்டார்கள். கையெழுத்தில் இன்னும் ஏழு வரி இருக்கிறது.

அந்த ஏழு வரியில்தான் இப்போது இருக்கிறேன். ‘பள்ளி ஆசிரியன்’ என்ற ஜெர்மன் சொல் குர்ரென்ட்டில், சந்தேகமில்லாமல் வாசித்துவிட்டேன். அதற்கு அடுத்த சொல்லில் எழுத்தின் சாயல் மாறுகிறது. தமிழ்ப் பெயர். முதல் எழுத்து எஸ் ஆக இருக்கலாம், டி ஆகவும் இருக்கலாம். அதன்பின் மூன்று எழுத்துக்கு மேல் பின்பக்கத்து மை ஊறியிருக்கிறது, மூன்று புள்ளி வைத்திருக்கிறேன். கடைசியில் ஏ, பி, பி, ஏ, என் தெளிவாக இருக்கிறது. ‘அப்பன்’ என்று முடிகிற பெயர். அவர் சம்பளம் கேட்டார் என்பது போல ஒரு வினைச்சொல் வருகிறது, அதை இன்னும் அடைப்புக்குறிக்குள்தான் வைத்திருக்கிறேன்.

வாசிப்பறை மூடிவிட்டார்கள். இதே நாட்குறிப்புக்கு இன்னொரு கப்பலில் போன பிரதி இருக்கிறதா என்று காப்பகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளை காலை சொல்வதாகச் சொன்னார்கள்.